ஒரு முறை மறைத்து, ஒரு முறை சொல்லி

தம்பி,

நாளைக் காலை அப்பா மறுபடி கோலாலம்பூருக்கு பஸ் ஏறுகிறார். நீ கேட்ட, முன்பக்கம் பட்டன் வைத்த சட்டைகள் நான்கு, போன் சார்ஜர், உன் பழைய போர்வை எல்லாம் அவர் பையில் வைத்துவிட்டேன். அவற்றோடு இந்தக் கடிதமும் வரும். உறையை நான் ஒட்டவில்லை. வழியில் அப்பா படித்தாலும் படிக்கட்டும். உன்னைப் பார்க்க வருகிற ஷாமினியும் படிக்கட்டும். உனக்கு மாத்திரை கொண்டுவருகிற தாதிக்குத் தமிழ் தெரிந்தால் அவளும் படிக்கட்டும். ஒளித்து வைக்க இனி என்னிடம் எதுவும் இல்லை.

நீ ஸ்கூடாயில் நம் வீட்டை விட்டுப் போய் ஏழு வாரமாகிறது. உன் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்து இன்றோடு ஆறு நாள். இந்த ஏழு வாரத்தில் என்னோடு நீ பேசவில்லை. கடைசியாகப் பேசியது வாசல் கேட்டில், ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு: "என் வாழ்க்கைய ரெண்டு தடவ கெடுத்துட்டீங்கம்மா. ஒரு தடவ மறைச்சு, ஒரு தடவ சொல்லி." நீ கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் ஏதாவது கத்தியிருப்பேன். நீ சொன்னதில் பொய் ஒரு சொல்கூட இல்லாததால் கேட்டின் இரும்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கிருந்து ஆரம்பித்து எப்படி இங்கே வந்து சேர்ந்தேன் என்பதை மட்டும் எழுதுகிறேன். இதில் பாதி உனக்குத் தெரியும். மீதிப் பாதியை நீ என் வாயால் கேட்டதில்லை.

என் அப்பா பெக்கான் நானாஸில் அன்னாசித் தோட்டத்தில் வேலை செய்தவர். ஆறடிக்கு மேல் உயரம். தோட்டத்தில் எந்த மூலையில் நின்றாலும் அவர் தலை மட்டும் தனியாகத் தெரியும். எனக்குப் பதினொரு வயதில், லாரியில் பழக்கூடை ஏற்றிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "முதுகக் கிழிக்குதே, முதுகக் கிழிக்குதே" என்று இரண்டு தடவை சொன்னாராம். பொந்தியான் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அவருக்கு வயது நாற்பத்தொன்று. ஏதோ காற்று அடித்துவிட்டது என்றார்கள். அதற்குப் பதின்மூன்று வருடம் கழித்து என் அண்ணன். தபால்காரர் வேலை, அவரும் நெட்டை, சாயங்காலத்தில் பேட்மின்டன் விளையாடுவார். ஆட்டத்தின் நடுவே இறகுப்பந்தை எடுக்கக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. அவருக்கு இருபத்தேழு. அப்போதும் காற்று என்றுதான் சொன்னார்கள். ஒரே வீட்டில் அதே காற்று ஏன் இரண்டு தடவை அடித்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

எனக்கு மாப்பிள்ளை அமைவது கஷ்டமாக இருந்தது. பெண் ஐந்தடி பதினொரு அங்குலம் வளர்ந்தால் ஊரில் என்ன பெயர் வைப்பார்கள்? கொக்கு என்றார்கள். சோடாபுட்டிக் கண்ணாடி வேறு. உன் அப்பா பெண் பார்க்க வந்த அன்று, எழுந்து நிற்காமல் உட்கார்ந்தே இரு என்று என் அம்மா சொல்லி வைத்திருந்தார். உன் தாத்தா, அப்பாவின் அப்பா, என் அப்பாவைப் பற்றிக் கேட்டார். "லாரி ஆக்சிடென்ட்டுங்க" என்றார் அம்மா. அண்ணன்? "மோட்டார் ஆக்சிடென்ட்டு." விபத்தென்றால் குடும்பத்தில் குறை என்று ஆகாது. அம்மா சொன்ன பொய்தான், ஆனால் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், என் வாய் என்னிடம்தான் இருந்தது. அதைத் திறக்க எனக்கு முப்பத்தொரு வருடமானது. உன் அப்பா என்னைவிட இரண்டு அங்குலம் குட்டை. கல்யாணப் போட்டோ எடுக்கிறவர் என்னை ஒரு படி கீழே நிற்கச் சொன்னபோது அவர்தான் "வேணாம் லா, இப்படியே எடுங்க" என்றார். அப்படிப்பட்ட மனிதரிடம்தான் நான் மறைத்தேன்.

நீ பிறந்தாய், வளர்ந்தாய். நான் வளர்ந்தபோது கேலி செய்த அதே ஆட்கள் நீ வளர்ந்தபோது மெச்சினார்கள். பையன் நெட்டையாக இருந்தால் அது அழகு. எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? ஏழெட்டு வயதில் நீ ஒரு வித்தை காட்டுவாய். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி மற்ற விரல்களால் மூடினால், கட்டைவிரல் நுனி மறுபக்கம் எட்டிப்பார்க்கும். வீட்டுக்கு யார் வந்தாலும் "மாமாவுக்கு அதைக் காட்டு தம்பி" என்பேன். நீ காட்டுவாய், எல்லாரும் சிரிப்போம். எனக்கும் அப்படி வரும். அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து காட்டுவோம். நோயை வைத்து விருந்தாளிகளைச் சிரிக்க வைத்த குடும்பம் நம்முடையது.

எனக்கு ஐம்பது வயதில், தொழிற்சாலையில் மைக்ரோஸ்கோப் பார்க்கிற வேலையில் இருந்தபோது, ஒரு கண்ணில் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிய ஆரம்பித்தது. ஜொகூர் பாருவில் ஒரு கண் டாக்டரிடம் அனுப்பினார்கள். வயதான சீனர். என் கண்ணுக்குள் வெகுநேரம் விளக்கடித்துப் பார்த்தவர், கண்ணை விட்டுவிட்டு என் கையைப் பிடித்தார். கட்டைவிரலை மடக்கச் சொன்னார். மடக்கினேன். நுனி எட்டிப்பார்த்தது. அவர் சிரிக்கவில்லை. குடும்பத்தில் சின்ன வயதில் யாராவது திடீரென்று செத்திருக்கிறார்களா என்று மலாயில் கேட்டார். கட்டிய புருஷனிடம் சொல்லாததை முன்பின் தெரியாத அந்த மனிதரிடம் இரண்டு நிமிடத்தில் சொன்னேன்.

அவர் எழுதிக் கொடுத்து இதய ஸ்கேன் எடுத்தேன். மார்ஃபான் என்று அதற்குப் பெயர். உடம்பில் ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் பிடித்திருக்கிற இணைப்புத் திசு, பிறவியிலேயே தளர்ந்த நூலாக இருக்கிறதாம். அதனால்தான் எலும்பு நீண்டது, கண்ணின் லென்ஸ் நழுவியது, முதுகு வளைந்தது. அதெல்லாம் பெரிதல்ல. இதயத்திலிருந்து கிளம்புகிற பெரிய ரத்தக்குழாய் அடியில் ஊதிக்கொண்டே போகும். இதய டாக்டர், முக்காடு போட்ட இளம் மலாய்க்காரப் பெண், திரையில் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டி, "மாச்சாம் பாவாங், ஆன்ட்டி" என்றாள். வெங்காயம் மாதிரி. அளவு தாண்டினால் ஒருநாள் கிழியும். என் அப்பாவுக்குக் கிழிந்தது அதுதான். "ஆன்ட்டிக்குப் பிள்ளைகள் இருக்கா?" என்று அடுத்துக் கேட்டாள். ஒரே பையன் என்றேன். அவனுக்கு இருக்கவும் இல்லாமலிருக்கவும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, சீக்கிரம் கூட்டி வாருங்கள் என்று உன் பெயர் போட்டு ஒரு கடிதம் கொடுத்தாள்.

இப்போது எழுதப்போவதை எப்படி எழுதுவது என்றுதான் மூன்று நாளாக யோசித்தேன். அந்தக் கடிதத்தைப் பதினான்கு மாதம் நான் உன்னிடம் கொடுக்கவில்லை. நீ பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம், வாலிபால் குழுவில் சேர்த்திருந்தார்கள். பரீட்சை முடியட்டும் என்று நினைத்தேன். பிறகு போட்டி முடியட்டும் என்றேன். பிறகு தீபாவளி. உனக்கு இருக்காது, பாதிதானே, அந்த நல்ல பாதி உன் பக்கம் விழுந்திருக்கும் என்றும் சொல்லிக்கொண்டேன். உன் அப்பாவிடம் சொல்ல வேண்டுமென்றால் லாரி ஆக்சிடென்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அந்த பயம்தான் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது. ஒருநாள் நீ கூப்பிட்டாய் என்று ஆட்டம் பார்க்க வந்தேன், ஞாபகமிருக்கிறதா? வலைக்குப் பக்கத்தில் நீ ஒவ்வொரு தடவை எகிறும்போதும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொண்டே கைதட்டினேன். எந்தத் தாயும் செய்யக்கூடாத காரியம் அது.

அந்தக் கடிதத்தை உன் பிறப்புப் பத்திரம் இருக்கிற பிளாஸ்டிக் ஃபைலில் வைத்திருந்தேன். ஏன் அங்கே வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. ஒருநாள் நீயே எடுப்பாய், நான் சொல்லாமலே தப்பித்துவிடலாம் என்று மனதுக்குள் ஒரு கோழை நினைத்திருக்கலாம். சிங்கப்பூர் வேலைக்கு மனுப்போட நீ ஃபைலைத் திறந்தாய். நான் அடுப்பில் மீன்கறியைக் கிளறிக்கொண்டிருந்தேன். காகிதத்தைப் பிடித்தபடி வந்து நின்றாய்.

"அம்மா, இதுல போன வருஷத் தேதி போட்டிருக்கு."

"ஆமா."

"எனக்கு எழுதின லெட்டரா?"

"ஆமா தம்பி."

"நான் இந்த ஒரு வருஷமா குதிச்சிக்கிட்டு இருந்தேனே, நீங்க பாத்துக்கிட்டுதானே இருந்தீங்க?"

நான் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அப்புறம் நீ சொன்னது அதைவிட மோசம்: "மீன் தீயுதும்மா, அடுப்ப அடைங்க." அவ்வளவுதான். திட்டவில்லை. தனியாகப் போய் ஸ்கேன் எடுத்தாய். கெட்ட பாதி உன் பக்கம்தான் விழுந்திருந்தது. குழாயின் அகலம் நான்கரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. ரத்தக்குழாயின் மீது அழுத்தம் குறைய தினமும் மாத்திரை, வாலிபால் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. காலணிகளை ஒரு பையில் போட்டு நண்பனுக்குக் கொடுத்துவிட்டாய். அப்போதுகூட நான் செய்தது என்ன? "அப்பாகிட்ட சும்மா பிரஷர்னு சொல்லிக்கலாம் தம்பி" என்றேன். நீயும் தலையாட்டினாய். இருபத்து மூன்று வயதுப் பிள்ளையை என் பொய்க்குக் கூட்டாளி ஆக்கினேன்.

அதற்குப் பிறகு ஏழு வருடம். நீ மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்குப் போய் வந்தாய். நான் நீ வீடு வந்து ஹெல்மெட்டைக் கழற்றி வைக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வருடத்துக்கு ஒரு தடவை உனக்கு ஸ்கேன், எனக்கும் ஸ்கேன். நான் உன் அளவைக் கேட்பேன். நீ "ஓகேம்மா, சேம்" என்பாய். நீ என் அளவைக் கேட்பாய். நானும் "அதே அளவுதான் தம்பி" என்பேன். இருவரும் ஒருவரை ஒருவர் நம்பவில்லை. ஒரு தாயால் தன் பிள்ளைக்கு அடிபடாமல் பார்த்துக்கொள்ள முடியும், சோறு போட முடியும், காய்ச்சலுக்குப் பக்கத்தில் உட்கார முடியும். பிள்ளையின் நெஞ்சுக்குள்ளே மில்லிமீட்டர் மில்லிமீட்டராக ஊதுகிற ஒன்றை என்ன செய்ய முடியும்? உனக்கு நான் கொடுத்தது அது. திரும்ப வாங்கிக்கொள்ள வழியில்லை.

பிறகு ஷாமினி வந்தாள். பார்மசியில் வேலை செய்கிற பெண், எதையும் பெயர் படித்துப் பார்க்கிற பெண். நிச்சயதார்த்தம் ஆன மாதம், சமையலறையில் எனக்கு வெங்காயம் நறுக்கிக் கொடுத்துக்கொண்டே கேட்டாள்: "ஆன்ட்டி, அவரு பேக்ல மாத்திரை பாத்தேன். பிரஷர் செக் பண்ணா நார்மலாதான் இருக்கு. எதுக்கு எடுக்கறாரு?" என் கை நிற்கவேயில்லை. "வேலையில டென்ஷன்மா. சிங்கப்பூர் வேலைன்னா சும்மாவா?" என்றேன். "ஓ, சரி ஆன்ட்டி" என்றாள். வேறு யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டாள். உன்னைப் பெற்றவள் சொன்னதால் நம்பினாள். அன்று நீ வீட்டுக்கு வந்ததும், "அவகிட்ட இப்ப எதுவும் சொல்ல வேணாம், கல்யாணம் முடியட்டும்" என்று நான்தான் சொன்னேன். நீ சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாய். "சொன்னா என்ன ஆகப்போவுது?" என்று ஒரு தடவை கேட்டாய். "அவங்க அப்பா விடமாட்டாரு தம்பி" என்றேன். அதோடு நீயும் விட்டுவிட்டாய்.

கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது உன் ஸ்கேன் அறிக்கையை மேசையில் மறந்து வைத்துவிட்டுப் போனாய். ஐந்து புள்ளி ஒன்று. உடனடியாக ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தது. நீ வந்ததும் அழுதேன், கெஞ்சினேன். கல்யாணத்தைத் தள்ளி வைக்கலாம், முதலில் இதை முடிக்கலாம் என்றேன். நீ நாற்காலியில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னாய்.

"கல்யாணம் முடியட்டும்மா. நீங்கதானே சொன்னீங்க."

"அது வேற தம்பி. இது கிழிஞ்சா..."

"தள்ளி வெச்சா ஏன்னு கேப்பாங்க. அப்ப ஷாமினிகிட்ட சொல்லணும். அவகிட்ட சொல்லச் சொல்றீங்களே, நீங்க அப்பாகிட்ட சொன்னீங்களா?"

நான் கற்றுக்கொடுத்த பாடத்தை நீ எனக்கே ஒப்பித்தாய். என் அப்பாவுக்கு அன்று கூடை தூக்கும்போது கிழிந்தது போல, உனக்குப் பாலத்தில் வண்டி நெரிசலில் கிழிந்தால்? மணவறையில் கிழிந்தால்? நீ என் பேச்சைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் கேட்கவில்லை. கேட்காததற்கும் நானே காரணம்.

மறுநாள் உன் அப்பாவிடம் சொன்னேன். தான் ஓட்டுகிற பள்ளி வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். லாரி ஆக்சிடென்டிலிருந்து ஆரம்பித்தேன். அவர் குழாயை மூடிவிட்டு, துணியைப் பிழிந்துகொண்டே கேட்டார். கேட்டு முடித்து, "உனக்கும் இருக்கா?" என்றார். இருக்கு என்றேன். "எட்டு வருஷமா ஸ்கேனுக்குத் தனியாவா போன?" ஆமாம் என்றேன். "பஸ்ஸுலயா?" என்றார். முப்பத்தொரு வருடப் பொய்யைக் கேட்ட மனிதர், நான் பஸ்ஸில் போனதைத்தான் கேட்டார். ஆனால் அவரை உத்தமராக்கி எழுதவில்லை. அதற்குப் பிறகு நான்கு நாள் அவர் என்னோடு பேசவில்லை, நான் போட்ட சோற்றையும் தொடவில்லை. ஐந்தாம் நாள் வந்து, "அந்தப் பொண்ணுகிட்ட அவனே சொல்லட்டும். நீ போவாத. போனா அவன் உன்ன மன்னிக்க மாட்டான்" என்றார்.

நான் போனேன். உனக்கு ஒரு வாரம் நேரம் கொடுத்தேன் என்று சொல்லி நியாயம் பேசலாம். கொடுத்தேன்தான், ஆனால் கொடுக்கிறேன் என்று உன்னிடம் சொல்லவில்லையே. ஷாமினியின் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் கடைக்குப் பக்கத்திலிருந்த மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார வைத்துச் சொன்னேன். வாங்கிய தே தாரிக் டீ ஆடை கட்டிப் போனது. அவள் முதலில் கேட்டது, "எத்தன சென்டிமீட்டர்?" இரண்டாவது, "நீங்க வந்தது அவருக்குத் தெரியுமா?" தெரியாது என்றேன். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அன்னைக்கு நான் உங்ககிட்ட கேட்டேனே ஆன்ட்டி" என்றாள். உன்னைக் குறை சொல்லி ஒரு வார்த்தை பேசவில்லை அந்தப் பெண். அன்று சாயங்காலமே அவள் வீட்டில் சொல்லிவிட்டாள். அவள் அப்பா போன் செய்தார். மரியாதையாகத்தான் பேசினார். "தப்பா நெனைக்காதீங்கம்மா. எங்களுக்கு ஒரே பொண்ணு. பொறக்கற பிள்ளைங்களுக்கும் வருமாமே?" என்றார். வரலாம் என்றேன். எனக்குத் தெரிந்த உண்மைகளில் அதைவிடக் கசப்பானது வேறில்லை. கல்யாண மண்டபத்தை வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். நீ பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாய். கேட்டில் நின்று சொன்னதைச் சொன்னாய்.

நான் செய்தது சரியா? எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். சொல்லாமல் இருந்து நீ மணவறையில் விழுந்திருந்தால் நான் கொலைகாரி. சொன்னதால் நீ ஆபரேஷனுக்கு ஒத்துக்கொண்டாய், அதுவும் என் பேச்சைக் கேட்டு இல்லை. கல்யாணமே நின்ற பிறகு தள்ளிப் போட உனக்குக் காரணம் இல்லாமல் போனது. அப்படி உன்னைப் பிழைக்க வைத்தேன் என்று மார்தட்டிக்கொள்ள என்னால் முடியாது. உன் உடம்பைப் பற்றிய செய்தி உன்னுடையது. அதை முதலில் உன்னிடமே மறைத்தேன், பிறகு உன்னைக் கேட்காமல் ஊருக்குக் கொடுத்தேன். உனக்கு ஒரு பிள்ளை பிறந்தால், பிறக்காமலே போனாலும் யாருக்காவது நீ பொறுப்பானால், இதை மட்டும் வைத்துக்கொள்: கெட்ட செய்திக்கு நல்ல நேரம் என்று ஒன்று கிடையாது. பரீட்சை முடியும், தீபாவளி முடியும், அடுத்த தீபாவளி வந்துவிடும்.

ஆபரேஷன் தேதி எனக்கு அப்பா சொல்லித்தான் தெரியும். "அம்மா வர வேணாம்" என்று நீ சொன்னதையும் அவரே சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல். வரவில்லை. அன்று காலை வீட்டில் உட்கார முடியவில்லை. அதே நாளில் எனக்கு ஜொகூர் பாருவில் வருடாந்திர ஸ்கேன் போட்டிருந்தார்கள். மாற்றி வாங்கியிருக்கலாம். போய்ப் படுத்தேன். இடதுபக்கம் திரும்பிப் படுக்கச் சொல்லி, ஜெல் தடவி, கருவியை விலாவில் அழுத்தினார்கள். உனக்குத்தான் தெரியுமே, நடுவில் ஒரு பொத்தானை அழுத்தினால் இதயத்தின் சத்தம் வெளியே கேட்கும், துணி துவைக்கிற இயந்திரம் மாதிரி. சுவரில் மணி பதினொன்று. அந்த நேரம் உன் இதயத்தை நிறுத்தி வைத்து, வெளியே ஒரு இயந்திரம் உன் ரத்தத்தை ஓட்டிக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும், அப்பா விளக்கியிருந்தார். உன் நெஞ்சு சத்தமில்லாமல் கிடக்க, என் நெஞ்சு அந்த அறை முழுக்கச் சத்தம் போட்டது. நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டேன். வலிக்கிறதா ஆன்ட்டி என்று அந்தப் பெண் கேட்டாள். இல்லை, சத்தம் மட்டும் வேண்டாம் என்றேன்.

மூன்று மணிக்குமேல் அப்பா கூப்பிட்டார். "முடிஞ்சிருச்சு. அந்தக் குழாய மாத்திட்டாங்க, வால்வு சொந்த வால்வே இருக்காம். கண்ணு முழிச்சிட்டான்" என்றார். என்ன கேட்டான் என்றேன். "தண்ணி கேட்டான்." வேறு? "வேற ஒண்ணும் கேக்கல." தண்ணீர் கேட்டானே, அது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போதவில்லை. ஷாமினி அங்கே இருக்கிறாள் என்றும் சொன்னார். அவள் அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "தோழி வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கா போல" என்றார். தம்பி, அவள் அன்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்தப் பொய்யை அவளை நாளைக்கும் சொல்ல விடாதே. உனக்காகச் சொல்கிற பொய் இனிப்பாகத்தான் இருக்கும். என் அம்மாவும் எனக்காகத்தான் சொன்னார்.

இனி எழுத வேண்டியது ஒன்றுதான். என் ஸ்கேன் முடிவை நேற்று முன்தினம் சொன்னார்கள். நான்கு புள்ளி ஒன்பது. போன வருடம் உன்னிடம் "அதே அளவுதான்" என்றேனே, அது நான்கு புள்ளி ஆறு. எனக்கும் நெஞ்சைத் திறக்க வேண்டும். வயது, வளைந்த முதுகு எல்லாம் சேர்ந்து, உனக்கு நடந்ததுபோல நல்லபடியாக நடக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். பயமாக இருக்கிறது. இதை எழுதினால், தையல் ஆறாத உன்னை இரக்கத்தால் கட்டி இழுப்பது போல ஆகிவிடுமே என்று இரண்டு நாள் பேனாவை மூடி வைத்தேன். அந்த ஆசை எனக்குள் இல்லை என்றும் சொல்ல மாட்டேன். எழுதாமல் விட்டால் இன்னொரு பதினான்கு மாதம் ஆரம்பித்துவிடும். எப்படிச் செய்தாலும் உனக்கு வலிக்கும் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

நீ வர வேண்டாம், போன் செய்ய வேண்டாம், பாரம் தூக்காதே, இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள். அப்பா வேன் கழுவி முடித்ததும் அவரிடம் சொல்லிவிடுவேன், நாளை பஸ் ஏறுமுன் அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் உனக்கு எழுதி முடித்த பிறகுதான். எனக்குத் தெரிந்த ஒரு செய்தியை, ஆறுதல் எதுவும் கலக்காமல், முதல் ஆளாக உனக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை.

அம்மா